உங்களுக்குத் தெரியுமா? சமாதானத்துக்கும் எம்.ஏ. உண்டு!

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாரிசன்பர்க் என்றொரு ஊர். அங்கே 1917-ல், அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்த அதே ஆண்டில், ஆயுதம் தொடமாட்டோம் என்ற கொள்கையுடைய மென்னோனைட் கிறித்தவர்கள் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். இன்று அது ஈஸ்டர்ன் மென்னோனைட் பல்கலைக்கழகம். சிறிய தனியார் நிறுவனம்தான். நர்சிங், ஆசிரியர் பயிற்சி என வழக்கமான படிப்புகளும் உண்டு. ஆனால் உலகம் அதைத் தேடி வருவது, பகை தீர்ப்பதைப் பாடமாக்கிய முதுகலைப் படிப்புக்காக!

பகை தீர்க்கும் வழிகளில் ஒன்று இது: வட்டமாக நாற்காலிகள். ஒரு கல்லோ மரத்துண்டோ கைமாறிக்கொண்டே போகும். அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். சொல்வது எளிது, நம்மில் எத்தனை பேரால் முடியும்? இத்தகைய வட்டங்களுக்கு இடம் தரும் 'சீரமைப்பு நீதி'யின் முன்னோடிகளில் ஒருவரான ஹோவர்ட் செர் இங்கே பேராசிரியராக இருந்தவர். 'எந்தச் சட்டம் மீறப்பட்டது?' என்பதைவிட 'யாருக்கு வலித்தது, அதை ஈடுசெய்யும் பொறுப்பு யாருடையது?' என்பதே இந்த முறையில் முக்கியம்.

வெள்ளுடைப் பெண்களைத் திரட்டி லைபீரிய உள்நாட்டுப் போரை நிறுத்தப் போராடிய லேமா போவி, போர் ஓய்ந்த பிறகு இங்கே வந்து 2007-ல் எம்.ஏ. முடித்தார். களத்தில் ஜெயித்த பிறகு வகுப்புக்கு வந்த மாணவி! 2011-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சோமாலியா அதிபரான ஹசன் ஷேக் முகமதுவும் இங்கே கோடைக்கால அமைதிப் பயிற்சி பெற்றவர்தான்.