கடலில்லாத சமஸ்தானமும் 'சிட்னி'யின் பீரங்கிகளும்

புதுக்கோட்டைக்குக் கடற்கரை வந்து சேர்ந்தது 1974-ல்தான். அந்த ஆண்டு ஜனவரியில் தனி மாவட்டம் உருவானபோது, அதுவரை தஞ்சாவூரோடு இருந்த அறந்தாங்கிப் பகுதி இதனோடு இணைக்கப்பட்டது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் அப்படி வந்தவை. அதற்கு முன் தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்கு ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. நாலு பக்கமும் பிரிட்டிஷ் ஜில்லாக்கள், நடுவில் செம்மண்ணும் கண்மாய்களும். ஆனாலும் அந்த சமஸ்தானத்தின் வாரிசு வரிசை திசைமாறியது கடலில்தான் என்று எனக்குப் படுகிறது. அதில் ஆஸ்திரேலியக் கடற்படைக்கும் ஒரு பங்கு உண்டு.

ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனதும், மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதும் புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பழைய கதை. பெரும்பாலும் அதை அரண்மனைக் காதலாகவே சொல்கிறார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் எந்தக் கடலில் போனார், எந்தக் கடலைத் தவிர்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் மதராசில் தொடங்க வேண்டும்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமார். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மதராஸ் துறைமுகத்தை நெருங்கி, தன் விளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. பத்தே நிமிடம், சுமார் 125 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. சேதம் அளவில் பெரிதல்ல, பீதிதான் பெரிது. கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறி ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். வெள்ளைக்காரனின் கடல் யாராலும் தொட முடியாதது என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் அந்த இரவுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது.

எம்டனின் தளபதி கார்ல் ஃபான் முல்லர் எதிரிகளும் மெச்சிய மனிதர். பிடித்த கப்பலை மூழ்கடிப்பதற்கு முன் அதில் இருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவார். கரி தீர்ந்தால் பிடிபட்ட கப்பலிலிருந்தே எடுத்துக்கொள்வார். அக்டோபரில் டியேகோ கார்சியா தீவில் நங்கூரம் போட்டபோது, போர் தொடங்கியதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே விருந்தாளியாகவே உபசரிக்கப்பட்டார். அந்த மாதக் கடைசியில் பினாங்குக்குள் நுழையும்போது, ஆங்கிலக் கப்பலைப்போலத் தோன்ற நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தியிருந்தார். இரண்டு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அவர் கையில் சிக்கின. வங்காள விரிகுடாவில் சரக்கு ஏற்றவே வியாபாரிகள் தயங்கினார்கள்.

அதை முடித்துவைத்தது ஆஸ்திரேலியக் கப்பல். 1911-ல்தான் அந்த நாட்டுக் கடற்படைக்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது. 1913 அக்டோபரில்தான் அதன் சொந்தக் கப்பல்கள் அணிவகுத்து சிட்னி துறைமுகத்துக்குள் நுழைந்தன. அவற்றில் ஒன்று ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட 'சிட்னி'. 1914 நவம்பர் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்களை ஏற்றிய பெரும் கப்பல் கூட்டம் மேற்கே ஆல்பனியிலிருந்து புறப்பட்டபோது 'சிட்னி' காவலுக்குக் கூட வந்தது. நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் ஆட்களை இறக்கியது. தந்தி ஊழியர்கள் அதற்குள் 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஐம்பது மைல் சுமாருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த 'சிட்னி' திரும்பி வந்தது.

சண்டை இரண்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. முதலில் அடித்ததும் சரியாக அடித்ததும் எம்டன்தான். ஆனால் 'சிட்னி'யின் ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டிய தூரம் எம்டனுக்கு எட்டவில்லை. கேப்டன் ஜான் கிளாசப் தள்ளி நின்றே சுட்டுத் தீர்த்தார். ஃபான் முல்லர் கப்பலை வட கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். ஜெர்மன் தரப்பில் 130-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ஆஸ்திரேலியத் தரப்பில் நான்கு பேர். காயம்பட்ட ஜெர்மானியர்களோடு கொழும்புக்குள் நுழைந்தபோது, ஆரவாரம் வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்.

இனி ராஜாவுக்கு வருவோம். 1915-ல் ஐரோப்பா போர்க்களம். மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கிகள். அந்த டிசம்பர் 30-ல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த 'பெர்சியா' என்ற கப்பல் கிரீட் தீவுக்கருகே தாக்கப்பட்டு முன்னூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்துமாக்கடலில் மட்டும் எம்டன் போன பிறகு அமைதி. ஐரோப்பியப் பயணத்தில் பழகிய ராஜா அந்த ஆண்டு தென்கிழக்கே திரும்பியதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கடல் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால், சொகுசாகப் போய்வரத் திறந்திருந்த திசை அதுதான்.

ஆஸ்திரேலியா அவருக்குப் பெயரளவில் புதிதல்ல. குதிரைப் பந்தயப் பிரியர் அவர். நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் 'வேலர்' என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கப்பல் கப்பலாக மதராசில் இறங்கின. பட்டாளத்துக்கு அவை தேவைப்பட்டன. கடல் கடந்து குதிரை வாங்குவது தமிழ்நாட்டுக்குப் பாண்டியர் காலத்து வழக்கம், துறைமுகம்தான் மாறியது.

வழியும் அப்போதுதான் சுருங்கியிருந்தது. ஆஸ்திரேலிய தபால் கப்பல்கள் கொழும்பைத் தொட்டுப் போகும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்பு. புதுக்கோட்டைக்கு அப்போது ரயிலே கிடையாது. திருச்சிக்குச் சாலை வழியாகப் போய்த்தான் வண்டி பிடிக்க வேண்டும். ஆனாலும் கடலில்லாத ஊரிலிருந்து கடலை எட்டுவது அந்த ஓராண்டில் லேசாகிவிட்டது.

ஆனால் போய்ச் சேரும் நாடு எப்படிப்பட்டது? 1901-ல் பிறந்த ஆஸ்திரேலியக் கூட்டரசின் முதல் சட்டங்களில் ஒன்று வெள்ளையரல்லாதவரைத் தடுக்க எழுதப்பட்டது. ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் எழுதச் சொல்வார்கள். தெரிந்த மொழியில் கேட்க மாட்டார்கள். தபால் கப்பல்களில் வெள்ளையர் மட்டுமே வேலை பார்க்க வேண்டும் என்றும் அதே ஆண்டில் விதி வந்தது. கொதிகலன் அறையில் வெந்துகொண்டிருந்த இந்தியக் கப்பல் தொழிலாளிகளான லஸ்கர்களை விலக்கத்தான் அது. 1904-க்குப் பிறகு இந்திய வியாபாரி, மாணவர், சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் ஓராண்டுச் சலுகை கொடுத்தார்கள். கரி அள்ளுபவனுக்கு மூடிய கதவு, பதினொரு குண்டு மரியாதை பெற்ற ராஜாவுக்குத் திறந்தது.

சிட்னியில் ஓட்டல் ஒன்றில் மோலியைப் பார்த்தார். 1915 ஆகஸ்ட் 10-ல் மெல்போர்னில் பதிவுத் திருமணம். அவருக்கு 39 வயது, அவளுக்கு இன்னும் 21 நிறையவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் இருவரும் ஊர் வந்தபோது ஜனங்கள் திரண்டு வரவேற்றார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் முகம் கொடுக்கவில்லை. பேரரசர் ஐந்தாம் ஜார்ஜ் அவளை ராணியாக ஏற்க மறுத்தார். பேரரசின் கடலைக் காக்க ஆஸ்திரேலியக் கப்பல் வேண்டும்; பேரரசின் கீழுள்ள சமஸ்தானத்துக்கு ஆஸ்திரேலிய ராணி கூடாது! இந்த முரண்பாடு டெல்லியில் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

கர்ப்பமாக இருந்த மோலிக்கு அரளி விஷம் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. யார் கை என்பது வெளியாகவில்லை. 1916 ஏப்ரலில் இருவரும் மீண்டும் கப்பலேறினார்கள். ஜூலை 22-ல் சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். நகரத்தின் பெயர்தான் அது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் அந்தப் பெயரை இந்தியப் பத்திரிகைகள் அச்சடித்ததற்குக் காரணம் நகரமல்ல, கப்பல்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது கடைசி நல்ல நேரத்தில். அந்த ஆண்டு இறுதியில் ஜெர்மனியிலிருந்து 'வுல்ஃப்' என்ற வேடமிட்ட கப்பல் புறப்பட்டது. எம்டனைப்போல் பகிரங்கமாகச் சுடாமல் கண்ணிவெடிகளை விதைத்துக்கொண்டே போனது. 1917-ல் கொழும்பு அருகே கப்பல்கள் மூழ்கின. ஜூன் 23-ல் பம்பாய்க்கு வெளியே, ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் கப்பல் 'மங்கோலியா' மூழ்கியது. எம்டனின் முடிவுக்கும் வுல்ஃபின் வருகைக்கும் நடுவே இரண்டு வருடச் சொச்சம் இடைவெளி. புதுக்கோட்டை ராஜாவின் போக்கு, கல்யாணம், வரவு, மறுபோக்கு நான்கும் அதற்குள் அடங்கிவிட்டன.

அதே 1917 டிசம்பரில் எம்டனின் பீரங்கி ஒன்றை சிட்னி ஹைட் பூங்காவில் நிறுத்தினார்கள். ராஜா குடும்பம் அப்போது அந்த நகரவாசிகள்தான்.

போர் முடிந்து 1919-ல் அவர்கள் ஐரோப்பா போனார்கள். ராஜா ஆளும் பொறுப்பை விட்டுக்கொடுத்தார். 1922-லிருந்து சகோதரர் விஜய ரகுநாத துரைராஜா ரீஜெண்டாக இருந்தார். 1928 மே 8-ல் 'சிட்னி' பணியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டது. இருபது நாள் கழித்து, மே 28-ல் ராஜா பாரிசில் இறந்தார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம். புதுக்கோட்டையில் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். ராஜாவின் மகன், பன்னிரண்டு வயது சிட்னிக்கு வரிசையில் இடமே இல்லை. மோலி 1967-ல் பிரான்சின் கான் நகரில் காலமானார்; அதற்கு 19 ஆண்டு முன்பே, 1948 மார்ச்சில், சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்திருந்தது.