காருக்கு அடியில் ஓர் இரும்புக் குடம்!

நெய்வேலிக்குப் பழைய பகை தண்ணீர்.

பழுப்பு நிலக்கரிக்கு அடியில், பூமிக்குள், ஊற்று நீர் பெரும் விசையோடு மேல் நோக்கி முட்டிக் கொண்டிருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் அமைந்தது. நிலக்கரியைத் தொட வேண்டுமானால் முதலில் தண்ணீரை வெல்ல வேண்டியிருந்தது.

கீழே ஊற்று என்றால், மேலே மழை! 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் கொட்டிய பேய்மழை நெய்வேலியையும் விட்டு வைக்கவில்லை. சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது.

சுரங்கத்து நீரை இறைக்க ராட்சத பம்புகள் உண்டு. வெள்ளத்தில் நின்ற காருக்குள் புகுந்த நீரை யார் இறைப்பது? வண்டிக்காரர் என்ஜினைப் பார்ப்பார். பிரேக்கைப் பார்ப்பார். இருக்கையைக் கழற்றி வெயிலில் போடுவார். பின் அச்சின் நடுவே தொங்கும் இரும்புக் குடத்தை மட்டும் மறந்து விடுவார்.

அதற்கு "டிபரென்சியல்" என்று பெயர். ஒர்க் ஷாப்பில் "கிரவுன்" என்றால் உடனே தெரியும்.

போரடிக்கும் மாடுகள்

களத்தில் மாடுகளை வரிசையாகப் பிணைத்துப் போரடிப்பார்கள் அல்லவா? நடுவில் உள்ள மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும். கடைசி மாடோ ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வர வேண்டும்.

கார் திரும்பும்போதும் இதே கதைதான். உட்பக்கச் சக்கரத்துக்குத் தூரம் குறைவு. வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம். இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருந்தால், ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுழல விடும் பல்சக்கரக் கூட்டமே டிபரென்சியல். பிரான்ஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலாளி பெக்கூர் என்பவர் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதற்கு உரிமை பெற்று விட்டார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு முன்பே!

தண்ணீர் புகுவது எப்படி?

ஓடி வந்த வண்டியில் குடம் சூடாக இருக்கும். அப்படியே வெள்ளத்தில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். மேலே உள்ள சிறு மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும்.

எண்ணெய், பால் விட்ட காபி போல மாறிவிடும். அது பற்களைக் காப்பாற்றாது. துரு பிடிக்கும், பேரிங் தேயும். முதலில் வண்டியின் பின்புறம் "ஊ" என்று ஊளையிடும். அதையும் கவனிக்காவிட்டால் பற்கள் உடைந்து, ஓடும்போதே சக்கரம் இறுகிக் கொள்ளலாம். உள்ளே குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் கதி?

முதலில் எந்தத் திருகு?

ஜீப்பைப் போன்ற வண்டிகளில் குடத்தின் பின்புறம் ஒரு மூடி இருக்கும். சில பழைய கார்களில் மூடி கிடையாது. அடியில் வடிகால் திருகு மட்டும் உண்டு. முன் சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களில் டிபரென்சியல், கியர் பெட்டிக்குள்ளேயே அடங்கி விடுகிறது.

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்தால் எண்ணெய் இளகும். சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது ஆபத்து. ஸ்டாண்டு அவசியம்.

எண்ணெய் ஊற்றும் திருகை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய எண்ணெயை வடித்த பிறகு, ஊற்றும் திருகு துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்!

பிறகு மூடியின் போல்ட்டுகள். மேல் போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழற்றி, மூடியின் அடியை நெம்பினால் எண்ணெய் பேசினில் இறங்கும். அடியில் மை போன்ற மெல்லிய இரும்புத் தூள் இருந்தால் பயமில்லை. விரலில் நெருடும் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

முறுக்குப் பிழிவது போல

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது இரும்பில் கீறல் விழக்கூடாது. விளிம்பில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. பேக்கிங் காகிதம் இல்லாத வண்டிகளில் சிலிகான் பசையை, முறுக்குப் பிழிவது போல, அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்புறமாகப் பிழிய வேண்டும். தாராளமாக அப்பினால் நல்லது என்று நினைப்பவர் பலர். அது தவறு. மிஞ்சிய பசை உள்ளே பிதுங்கி, துண்டாகி, எண்ணெயில் மிதக்கும்.

போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல், எதிரும் புதிருமாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பசை டப்பாவில் அச்சிட்ட நேரம் வரை காத்திருந்து, வண்டிக் கையேட்டில் குறித்த ரக எண்ணெயை ஊற்ற வேண்டும். பெரும்பாலும் சமதரையில் துளை விளிம்பில் வழியத் தொடங்கினால் அளவு சரி. துளைக்கு மேல் அதிகமாகத் திணித்தால் அது அச்சு வழியாகச் சக்கரத்துக்கு வந்து பிரேக்கை நனைத்து விடலாம். பிரேக் பிடிக்காது!

மூச்சுக் குழாயில் அடைத்த சேற்றையும் எடுத்து விட வேண்டும். அடைப்பு இருந்தால் சூட்டில் காற்று விரிந்து, புதிய மூடியிலேயே எண்ணெயைப் பிதுக்கும்.

இரண்டு நாள் ஓடிய பின் மூடியின் அடி விளிம்பை விரலால் தடவிப் பார்க்கலாம். விரல் உலர்ந்திருந்தால் வேலை முடிந்தது. எண்ணெய் ஒட்டினால் மறுபடியும் பேசினை எடுக்க வேண்டியதுதான்.