குழந்தையின் இரவு நேர முதுகுவலி: கவனிக்க வேண்டிய ஓர் எலும்புக் கட்டி

குழந்தை முதுகு வலிக்கிறது என்று சொன்னால், புத்தகப் பையின் சுமை அல்லது விளையாட்டில் ஏற்பட்ட பிடிப்பு என்றே பெற்றோர் பெரும்பாலும் எண்ணுகின்றனர். பல நேரங்களில் அது உண்மையே. ஆயினும் உறக்கத்தைக் கலைக்கும் வலியையும், வாரக்கணக்கில் நீடிக்கும் வலியையும் அவ்வாறு விட்டுவிடலாகாது.

இத்தகைய வலிக்கான காரணங்களுள் ஒன்று ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ எனப்படும் எலும்புக் கட்டி. இது புற்றுநோய் அன்று. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதும் இல்லை. 5 முதல் 25 வயது வரையிலானோரிடம், குறிப்பாக ஆண்களிடம், மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் கால் எலும்புகளில் தோன்றும் இக்கட்டி, சிலருக்கு முள்ளெலும்பின் பின்பகுதியில் உண்டாகிறது.

கட்டியின் மையப்பகுதி பொதுவாக 1.5 செ.மீ. அளவைத் தாண்டுவதில்லை. எனினும் அது ‘புரோஸ்டாகிளாண்டின்’ என்னும் வேதிப்பொருளை மிகுதியாக உண்டாக்குவதால் வலி கடுமையாகிறது. ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் அப்பொருள் உருவாவதைத் தடுப்பதால் வலி விரைவில் தணிகிறது. வலி தணிந்ததனால் நோய் நீங்கிவிட்டது என்று கருத வேண்டாம்.

கட்டியைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் முதுகுத்தண்டு ஒருபக்கமாக வளையவும் கூடும். வளரும் பருவத்தில் காரணமின்றித் தோன்றும் வளைவில் கடும் வலி பொதுவாக இராது. எனவே வளைவும் வலியும் சேர்ந்து வந்தால் நாங்கள் காரணத்தைத் தேடுகிறோம். எக்ஸ்ரேயில் இக்கட்டி புலப்படாமல் போகலாம், சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும்.

வளைவு இல்லாத சிலருக்கு மருந்தும் தொடர் கண்காணிப்புமே போதுமானவை. மற்றவர்களுக்கு, சி.டி. படத்தின் துணையோடு மெல்லிய ஊசியைச் செலுத்திக் கட்டியை வெப்பத்தால் அழிக்கலாம். நரம்புகளுக்கு மிக அருகில் இருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வளைவு தோன்றி ஏறத்தாழ 15 மாதங்களுக்குள் சிகிச்சை பெற்றால், அது தானே நேராகும் வாய்ப்பு அதிகம். காலம் தாழ்த்தினால் வளைவு நிலைத்துவிடக் கூடும்.

மருத்துவரைக் காண வரும்முன், வலி தொடங்கும் நேரம், மருந்து கொடுத்த நேரம், வலி தணிந்த நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வாருங்கள். நோயைக் கண்டறிய அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும். மருத்துவர் சொல்லாமல் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள்; குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் முதுகுவலியுடன் சேர்ந்து தோன்றினால், குறிப்பெடுக்கக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.