தொம்பையின் நிறம் காக்கும் கடுக்காய்

வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையைத் தரிசிக்க, படப்பை, வாலாஜாபாத் வழியே காஞ்சி செல்லும் அன்பர்கள் பலர். தேரிலும் மண்டபங்களிலும் குழல் வடிவில் தொங்கி அசையும் தொம்பைகளை அவர்கள் கண்டிருப்பர். இன்று அவை பெரும்பாலும் பளபளக்கும் செயற்கைத் துணியால் ஆனவை. முன்னாளில் பருத்தித் துணியில் கையால் எழுதி, இயற்கைச் சாயம் ஏற்றினர். தஞ்சை நாயக்க மன்னர்கள் ஆதரித்த அக்கலையைக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் சில குடும்பங்கள் இன்றும் விடாது காத்து வருகின்றன. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த நிறம் நிலைப்பதற்குக் காரணம், நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் கடுக்காயே. பட்டும் கம்பளியும் சாயத்தை எளிதில் ஏற்கும், பருத்தி ஏற்காது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து முதலில் நூலைப் பற்றிக்கொள்கிறது. அத்துவர்ப்பைப் படிகாரம் பற்றுகிறது. படிகாரத்தைச் சாயம் பற்றுகிறது. படிகாரம் தொட்ட இடம் சாயவேர்க் கொதிநீரில் சிவக்கும். வெல்லநீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்து எடுத்த நீரால் கடுக்காய்த் துணியில் கோடிட்டால், அது கண்ணெதிரே கறுக்கும். காளஹஸ்தியில் கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்ப்பர். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும்.

படிகாரம் மண்ணில் கிடைப்பது. அதற்கும் ஈடாகச் செடியுண்டு. நம் வைத்தியர்கள் அறிந்த லோத்திர மர இனம் மண்ணிலுள்ள அலுமினியச் சத்தை இலையிலும் பட்டையிலும் சேர்த்து வைக்கிறது. இந்தோனேசியத் தீவுகளில் அவ்வினத்தின் இலைகளைக் கொண்டே நூலைச் சிவப்பேற்றுகின்றனர்.

சுவாமிக்குச் சாத்தும் சிறு வஸ்திரத்திற்கு வீட்டிலேயே சாயமேற்றலாம். மஞ்சள் தூள் வேண்டாம், வெயிலில் வெளிறிவிடும். 100 கிராம் துணியைக் கொதிக்கவைத்துக் கஞ்சி நீக்குங்கள். 20 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். பின்னர் 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் சில மணி நேரம் ஊறட்டும். உலர்ந்த மாதுளைத் தோல் 100 கிராமை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்நீரில் துணியை இட்டு மெல்லச் சூடாக்கினால் நல்ல மஞ்சள் நிறம் ஏறும். இரும்புச் சட்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடுக்காய் இரும்பைத் தொட்டால் வஸ்திரம் கறுத்துப் போகும்.