ஆற்றங்கரையும் எங்கள் மனமும்

ஆற்றங்கரையில் நடக்கும்போது மனம் இலேசாகிறது. அதே பாதையில் ஒரு பாலத்தின் கீழ் வந்ததும் நெஞ்சு படபடக்கிறது. இது எல்லோருக்கும் அனுபவம். ஆனால் ஆற்றங்கரையைத் திருத்தி அமைக்கத் திட்டம் போடுபவர்களுக்கு இந்த உணர்வு எப்படித் தெரியவரும்?

பிரித்தானியாவில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. கிறிஸ்டியன் நோல்ட் என்ற கலைஞர் 2004 இல் சிறிய கருவி ஒன்றை உருவாக்கினார். அதன் உணரிகளை விரல்களில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். போகும் இடத்தை ஜிபிஎஸ் பதிவு செய்யும்.

கருவி எதை அளக்கிறது?

பயம், வியப்பு, மகிழ்ச்சி எதுவானாலும் மனம் விழிப்படையும்போது எமது தன்னியக்க நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு ஈரம் தோலினூடாக மின்சாரம் செல்வதை எளிதாக்குகிறது. இந்த மாற்றத்தையே கருவி அளக்கிறது. பொய் கண்டறியும் கருவியிலும் இதே அளவீடு பயன்படுகிறது.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மனம் விழித்தது என்று கருவி சொல்லும். அது ஆனந்தத்தாலா அச்சத்தாலா என்று சொல்லாது. எனவே நடந்து திரும்பியவரிடம் வரைபடத்தைக் காட்டி, "இந்த இடத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டு அவர் சொல்வதையும் எழுதினார்கள். உடல் காட்டிய குறியும் மனிதர் சொன்ன காரணமும் சேர்ந்ததே "உணர்வு வரைபடம்".

தேம்ஸ் முதல் மேர்சி வரை

2005-2006 இல் லண்டன் கிறீனிச்சில், தேம்ஸ் நதி வளைந்து செல்லும் பகுதியில், சுமார் 80 பேர் இப்படி நடந்தார்கள். 2007 இல் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டொக்போர்ட் நகரில் சுமார் 200 பேர் பங்குபற்றினார்கள். கொய்ட், ரேம் என்ற இரு ஆறுகள் கலந்து மேர்சி நதி பிறக்கும் ஊர் அது. ஆனால் நகர மையத்தில் அந்த நதி கடைத்தொகுதியின் கீழே மறைந்து ஓடியது. தங்கள் ஆற்றோடு மக்களுக்கு இருந்த உறவு எவ்வளவு அற்றுப்போயிருந்தது என்பதை அந்த வரைபடம் வெளிக்காட்டியது.

2024 இல் அதே மேர்சிக் கரையில் புதிய பேரூந்து நிலையமும் அதன் கூரையில் ஒரு பூங்காவும் திறக்கப்பட்டன. இது அந்த வரைபடத்தின் நேரடி விளைவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆற்றருகே மக்கள் இளைப்பாற இடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று வருவதை இது காட்டுகிறது.

எங்களுக்கு இதில் என்ன?

நீரிழிவும் இருதய நோயும் எமது சமூகத்தில் அதிகம். வாரத்தில் 150 நிமிடங்களாவது உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வைத்தியரும் "நடவுங்கள்" என்கிறார். ஆனால் "ஏன் அம்மா நடக்கப் போகவில்லை?" என்று கேட்டால், "கால் உளைவு" என்ற பதில் வரும். உண்மைக் காரணம் இருட்டான சுரங்கப்பாதையாக இருக்கலாம். இளைப்பாற ஒரு வாங்கு இல்லாமல் இருக்கலாம். வழியில் மலசலகூடம் இல்லாமல் இருக்கலாம். சொல்ல வெட்கப்பட்டு மூத்தோர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

கருவி தேவையில்லை. ஒரு காகித வரைபடமும் இரண்டு நிறப் பேனாக்களும் போதும்.

1. பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஆறு அல்லது கால்வாய்க் கரையில் அரை மணி நேரம் நடவுங்கள்.

2. மனதுக்கு இதமான இடத்தில் பச்சைப் புள்ளி, பயமோ எரிச்சலோ தந்த இடத்தில் சிவப்புப் புள்ளி இடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக இடட்டும்.

3. ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் எழுதுங்கள். வெளிச்சமா, சத்தமா, வேகமாக வரும் சைக்கிளா? மூத்தோர் தமிழில் சொல்ல, பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

4. ஆற்றங்கரை பற்றி உங்கள் கவுன்சில் கருத்துக் கேட்கும்போது அந்த வரைபடத்தை அனுப்புங்கள்.

இப்படியான கருத்துக் கேட்புகளில் எம்மவர் குரல் கேட்பது அரிது. "எங்கள் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று ஒதுங்கிவிடுகிறோம். எங்கே பயமாக இருக்கிறது என்று நாங்கள் சொல்லாவிட்டால், அங்கே விளக்குப் போட வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வார இறுதியில் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள்.