கொழுந்தின் உள்ளே ஒரு வேலி

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைச்சரிவுகளில் பறித்த பச்சைக் கொழுந்தை முகர்ந்தால் தேநீரின் மணம் இல்லை. வெந்நீரில் இட்டாலும் செந்நிறச் சாறு இறங்குவதில்லை. அதே கொழுந்து மறுநாள் தொழிற்சாலையிலிருந்து கறுத்துச் சுருண்டு வெளிவரும்போது நிறமும் மணமும் சுவையும் பெற்றுவிடுகின்றது. வெளியிலிருந்து எப்பொருளும் சேர்க்கப்படவில்லை. அப்படியாயின் இம்மாற்றம் எங்கிருந்து வந்தது?

விடை, இலையின் கலங்களில் உள்ள மென்சவ்வில் இருக்கின்றது. இதன் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறினும் குறைவு. இச்சவ்வு இரு படைக் கொழுப்புப் பொருளாலானது என்று 1925ஆம் ஆண்டில் கோர்ட்டர், கிரென்டல் என்னும் ஒல்லாந்து அறிஞர் இருவர் செங்குருதிக் கலங்களை ஆராய்ந்து கூறினர். இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் அதே ஆண்டிலேயாம்.

இச்சவ்வு அடைத்த மதில் அன்று, வாயிற்காவலுள்ள வேலி. ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்குத் தாமே ஊடுருவுகின்றன, இது பரவல். ஐதான கரைசலிலிருந்து செறிந்த கரைசலுக்குச் சவ்வினூடே நீர் செல்வது பிரசாரணம். நீருக்கென்றே தனிப் புரத வாயில்கள் உள்ளன என்பதைக் காட்டிய அமெரிக்க அறிஞர் பீற்றர் ஏகர், 2003இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். வேரோ, மண்ணீரில் ஐதாகவுள்ள பொற்றாசியம் போன்றவற்றைத் தன் சத்தியைச் செலவிட்டு உள்ளே இழுக்கின்றது. கிணற்று நீரை மேலே இறைப்பதை ஒத்தது இச்செயல்.

தேயிலைக் கலத்தினுள் சாறு நிறைந்த புன்வெற்றிடம் ஒன்று உண்டு. அதற்கும் தனிச் சவ்வு இருக்கின்றது. பொலிபீனோல்கள் அதனுள்ளே, அவற்றை மாற்றவல்ல நொதியம் அதற்கு வெளியே. வேலி உள்ளவரை இரண்டும் சந்திப்பதில்லை.

தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பி, காற்றூட்டி, 12 முதல் 18 மணி நேரம் வரை வாட்டுகின்றனர். நீர் வெளியேற இலை துவள்கின்றது. சவ்வும் உறுதி தளர்கின்றது. பின்னர் உருளைப் பொறி இலையை நசுக்கிச் சவ்வுகளை உடைக்கின்றது. பொலிபீனோலும் நொதியமும் காற்றின் ஒட்சிசனும் கூடவே, பொன்னிறத் தியாபிளேவினும் செந்நிறத் தியாரூபிஜினும் பிறக்கின்றன. சூடான காற்றில் உலர்த்தியதும் நொதியம் செயலிழக்க, மாற்றம் நின்றுவிடுகின்றது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் தொடக்க நாட்களில், பங்களா விறாந்தையிலே மேசைமீது கையால்தான் கொழுந்து உருட்டப்பட்டது. வேலி ஒன்றே, உடைத்த கருவிதான் வேறு.

உடைய வேண்டிய வேளைக்கு முன்னரே அது உடைந்துவிட்டால்? கூடையிலோ சாக்கிலோ கொழுந்தை அமுக்கி அடைத்தால், இலைகளின் சுவாசத்தால் எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். சவ்வுகள் சிதையும், இலை சிவக்கும். அதிலிருந்து நல்ல தேயிலை கிடைப்பதில்லை. ஆதலால், கைப்பிடியில் நசுக்காது பறித்து, கூடையில் அமுக்காது இட்டு, வெயில் படாது காத்து, காலந்தாழ்த்தாது நிறுவைக்குக் கொண்டுவரும் பெண்ணின் கவனமே அந்த வேலிக்கு முதற் காவல்.

ஆயின் தராசு காட்டுவது எடையை மட்டுமே. குறித்த அளவு கிலோ பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்னும் வழக்குள்ள தோட்டத்தில், கூடையை அமுக்கி நிரப்புமாறு தேவையே அவளைத் தூண்டுகின்றது. எடைக்குக் கூலி உண்டு. கவனத்திற்குத் தனிக் கூலி இல்லை. எனினும் கொழும்பு ஏலத்திற்கு வரும் தேயிலையின் நிறத்தையும் சுவையையும் மதிப்பிடுவோர், ஒருவகையில், அந்தச் சவ்வு மலையிலே காக்கப்பட்டதையும் தொழிற்சாலையிலே உரிய வேளையில் உடைக்கப்பட்டதையுமே மதிப்பிடுகின்றனர்.