கூமுட்டைக்குக் கண்ணேறு காரணமல்ல!

மூன்று மாதத்துக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். லயத்தில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் பெரிய சண்டை. விசாரித்தால், கோழி விவகாரம்!

"பன்னெண்டு முட்டை அடை வச்சேன் தம்பி. பொரிச்சது மூணுதான். பக்கத்து வீட்டுக்காரி கண்ணு பட்டுடுச்சு" என்றார் ஓர் அக்கா. பக்கத்து வீட்டம்மாவோ, "அவங்க சேவல் கிழடு, அதுக்கு நானா பொறுப்பு?" என்கிறார்.

அக்காவிடம் இரண்டே கேள்வி கேட்டேன். முட்டையை எத்தனை நாள் சேர்த்தீர்கள்? கோழிக்கு என்ன தீனி?

"பதினாறு நாளா சேர்த்தேன். அடுப்புக்கு மேலே பலகையில கூடையில வச்சிருந்தேன். தீனி, குருணையும் மரவள்ளியுந்தான்."

குற்றவாளி அகப்பட்டு விட்டான்!

தாய்மார்களே, அடை முட்டை உயிருள்ள பொருள். கோழியின் வயிற்றிலேயே கரு வளரத் தொடங்கி விடுகிறது. முட்டை வெளியே வந்து ஆறியதும் அது தூங்குகிறது. பெரிய பண்ணைகளில் 15 முதல் 18 டிகிரி குளிர்ச்சியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் பொரிக்க வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலோ 30 டிகிரி. அடுப்புக்கு மேலே கேட்கவே வேண்டாம். கரு தூங்கவும் முடியாமல், வளரவும் முடியாமல் அரைகுறையாய்க் கிடந்து செத்துப் போகிறது.

ஆகவே, தண்ணீர்ப் பானை ஓரமாய், நிழலான தரையில் வையுங்கள். கூர்முனை கீழே, அகன்ற பக்கம் மேலே இருக்கட்டும். நான்கைந்து நாள் போதும். ஏழு நாளைத் தாண்டவே கூடாது. முட்டையைக் கழுவாதீர்கள், அதன் மேலுள்ள இயற்கைப் பூச்சு போனால் கிருமி உள்ளே நுழையும். ஐஸ் பெட்டியும் வேண்டாம். அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது.

அடுத்தது தீனி. குஞ்சு 21 நாள் ஓட்டுக்குள்ளே இருக்கிறது. அதற்குத் தேவையான அத்தனையும் முட்டையிலேயே இருந்தாக வேண்டும். பிறகு தாய் எதையும் ஊட்ட முடியாது. குருணையும் மரவள்ளியும் வயிற்றை நிரப்பும். போதிய புரதமும் வைட்டமினும் தராது. பி2 வைட்டமின் குறைந்தால் கரு ஓட்டுக்குள்ளேயே சாகும். தப்பிப் பொரித்த குஞ்சும் கால்விரல் சுருண்டு நடக்க முடியாமல் கிடக்கும். சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால் ஓடு மெலியும்.

இதற்குப் பெரிய செலவில்லை. தினம் ஒரு பிடி முருங்கைக்கீரை, கரையான், மண்புழு, உப்புப் போக ஊறவைத்து இடித்த நெத்திலித் தலை, காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு. முடிந்தால் கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீனியையும் கலந்து போடுங்கள். பூஞ்சை பிடித்த தீனி விஷம், கொட்டி விடுங்கள். முட்டை சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். சேவலுக்கும் அதே தீனிதான். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

ஏழாம் நாள் இரவு, இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் லைட்டைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்து விட்டது. ஒன்றுமே தெரியாவிட்டால் கரு கூடவில்லை, அல்லது ஆரம்பத்திலேயே போய்விட்டது. எல்லா முட்டையும் அப்படியே இருந்தால் சேவலையும் கவனியுங்கள்.

"அஞ்சு நாள்ல ஒரு கோழி பன்னெண்டு முட்டை போடுமா தம்பி?" என்று கேட்டார் அக்கா. நியாயமான கேள்விதான். "உங்கள் வீட்டில் இரண்டு கோழி, பக்கத்து வீட்டில் இரண்டு கோழி. நாலு கோழி முட்டையையும் சேர்த்து ஒரே கோழிக்கு அடை வையுங்கள். குஞ்சைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

போன வாரம் அந்த லயத்துக்கு மறுபடி போனேன். பன்னிரண்டு முட்டையில் ஒன்பது பொரித்திருந்தது. வீட்டுக்கு நாலு குஞ்சு. மிச்சமான ஒன்று யாருக்கு என்பதில்தான் இப்போது பேச்சு! ஆனால், இரண்டு பேரும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பேசினார்கள்.